அண்ணி பிரித்து வைத்த கோப்புகள்

என் மேசையில் கோணிப்போன பீங்கான் ஃப்யூஸ் கட்டை ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்பார்கள். காகிதம் பறக்காமல் இருக்க என்பேன். உண்மையில் அது என் அவசர புத்திக்கு அடையாளம். அண்ணி அதை அன்றைக்கே குப்பையில் போடச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் மின்சாரச் சூளைகளின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி செய்து கொடுப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் அண்ணியும். அண்ணன் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போகிறவர். கம்ப்யூட்டர் பேச்சை எடுத்தாலே இடத்தைக் காலி செய்துவிடுவார். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதன் இயங்குதளத்தின் அடியில் இருக்கும் கெர்னலுக்குள், சூளையின் சூட்டை அளந்து எண்ணாக்கி வைக்கும் பகுதியை எழுதியது அண்ணி. அந்த எண்ணைப் படித்துச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற புரோகிராம் என்னுடையது. எந்த எண் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை ஹெட்டர் ஃபைல் என்ற கோப்பு சொல்லும். கெர்னலின் சொந்த உள்விவகாரங்களும் அதே கோப்பில்தான் கிடந்தன. நான் அதை அப்படியே தூக்கி என் புரோகிராமில் சேர்த்துக்கொண்டேன். ஓடியது. ஓடுகிற ஒன்றை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஒருமுறை ஒரு சூளையில், மேல்தட்டில் இருந்த வெப்பமானி போதாதென்று அடித்தட்டுக்கும் தனியாக ஒன்று வைத்தோம். அண்ணி அதற்கான எண்ணைக் கெர்னலில் சேர்த்தார். அது மேல்தட்டின் எண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. புதுக் கெர்னலைப் பெட்டியில் ஏற்றிய நான், பழைய வரிசையை நம்பியிருந்த என் புரோகிராமைத் தொடவில்லை. அடித்தட்டின் குறைந்த சூட்டை மேல்தட்டின் சூடு என்று நினைத்து, அது இன்னும் இன்னும் என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. காலையில் சூளைக்கார அக்கா கதவைத் திறந்தால், மேல்தட்டு முழுக்க ஃப்யூஸ் கட்டைகள் கோணி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து ஒற்றை ஆளாகச் சூளை நடத்துகிறவர் அவர். கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா ஒன் பெட்டிய கழட்டிக்கிட்டுப் போயிடு. நான் பழையபடி கண்ணால பாத்தே சுட்டுக்கிறேன்."

அக்கா கழற்றினால் பேட்டையே கழற்றிவிடும். எங்கள் தொழில் அத்தோடு முடிந்துபோகும்.

அண்ணியிடம் போய், என் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றேன். அவர் ஹெட்டர் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க படிச்சதுல தப்பு இல்ல தம்பி. உள்ள இருக்கறதையும் வெளிய காட்டறதையும் ஒரே ஃபைலுல போட்டு வச்சிருக்கேன் பாருங்க, அது என் தப்பு" என்றார். நான் திட்டு வாங்கத் தயாராக வந்தவன்.

அடுத்த இரண்டு வாரம் அண்ணி செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. நாங்கள் எழுதிச் சேர்த்திருந்த ஹெட்டர் கோப்புகள் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார். கெர்னலுக்கு மட்டுமான உள்கோப்பு ஒன்று, புரோகிராம்கள் நம்பலாம் என்ற வெளிக்கோப்பு ஒன்று. உள்கோப்பு என் பக்கம் வரவே வராது. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான், அதையும் வாய்விட்டே கேட்பார்: "இது மாறுனா வெளிய யாராச்சும் அழுவாங்களா?" அழுவார்கள் என்றால் வெளிக்கோப்பில் வைப்பார். பிறகு அதை அவரே நினைத்தாலும் மாற்றக் கூடாது. புதிதாக எது வந்தாலும் கடைசியில்தான் சேரும். ஒரே ஒரு வரிக்காக ஒரு பகல் முழுவதும் யோசித்ததைப் பார்த்திருக்கிறேன். டீ ஆறி ஆடை கட்டிவிடும். நானாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

ஆரம்ப நாளில் என் வசதிக்காகச் சூட்டைப் பத்தால் பெருக்கித் தரச் சொல்லியிருந்தேன். அண்ணிக்கு அது துளியும் பிடிக்காது. இதுதான் சமயம், மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வெளிக்கோப்பில் அதை அப்படியே வைத்தார். "இத நம்பி அத்தன சூளை ஓடுது தம்பி. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றார்.

அண்ணி இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறார். எங்கள் கெர்னலை அங்கிருந்தே அனுப்புகிறார். போன வாரம் வந்தது, உள்ளே முழுக்கப் புதிதாக எழுதியது. வெளிக்கோப்பில் ஒரு வரிகூட மாறவில்லை. என் புரோகிராமோ, அந்த இரண்டு வாரத்தின் முடிவில் ஒருமுறை கம்பைல் செய்து பெட்டியில் ஏற்றியதோடு சரி, பிறகு தொடவில்லை. புதுக் கெர்னலோடு அதை அப்படியே அக்காவின் சூளையில் ஓடவிட்டேன். காலையில் கதவைத் திறக்கும்போது அவர் பக்கத்தில் போய் நிற்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. மேல்தட்டு, அடித்தட்டு, எல்லாக் கட்டையும் வெள்ளை வெளேரென்று நேராக நின்றன. ஒன்றைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து என் கையில் வைத்தார் அக்கா.

அப்போதுதான் அண்ணி போன் செய்தார். "என்ன தம்பி, வெளிய யாராச்சும் அழுதாங்களா?"

"யாரும் அழுவல அண்ணி" என்றேன்.

"ஏன் தம்பி பொய் சொல்ற? கண்ணத் தொடைச்சிக்கிட்டு நிக்கிறியே!" என்று பக்கத்திலிருந்து சத்தமாகச் சிரித்தார் அக்கா.

அந்த நேர்க்கட்டையைக் கொண்டுவந்து மேசையில் கோணல் கட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காகிதத்துக்கு ஒன்றே போதும்தான்.