அலையில்லாக் கடலும் ஒரு கிலோ மிட்டாயும்

என் அத்தையைக் கடற்கரையில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கோயிலில் பார்த்துப் போனவர்கள் இரண்டு முறையும் திரும்பி வராததால், கோயில் ராசியில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் உடன்குடி தாண்டி ஒரு சின்னக் கடற்கரைக் கிராமம். ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் பாறை. நடுவே கடல் குளம் மாதிரி கிடக்கும். குடும்பத்தோடு வருகிறவர்கள் பயமில்லாமல் குளிப்பார்கள். யாராவது கேட்டால் பிள்ளைக்குக் கடல் காட்ட வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை நான். அப்போது எனக்கு ஏழு வயது.

வழியில் அப்பா ஒரு கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கினார். சுக்கு வாசனை கார் முழுக்க நிறைந்தது. நான் கையை நீட்டினேன்.

"ஏட்டி, தொடாத. பொண்ணு புடிச்சிருக்குன்னு சொன்னா மாப்ள வீட்டுக்குக் குடுக்கணும்" என்றாள் அம்மா.

"புடிக்கலன்னா?"

அம்மா தொடையில் கிள்ளினாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடிக்காவிட்டால் மிட்டாய் நமக்கு என்று நானே முடிவு செய்து, கடற்கரை வரும்வரை பிள்ளையாரை அதற்காகவே வேண்டினேன்.

வானம் மூடிக் கிடந்தது. கரையில் எங்களையும் மாப்பிள்ளை வீட்டாரையும் தவிர ஈ காக்கை இல்லை. மாப்பிள்ளை செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா, "கொஞ்சம் நடந்து காட்டும்மா" என்றார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் புதையப் புதைய அத்தை நடந்தாள்.

"கால்ல எதும் கொறையோ?"

"அய்யோ, மணலுல்லா! யாரு நடந்தாலும் அப்படித்தானக்கா இருக்கும்" என்று பதறிய அப்பா, தானும் அந்த மணலில் நடந்து காட்டினார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துகொண்டார்கள்.

அவர்கள் கார் கிளம்பியதும் அத்தையே பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். "தின்னுட்டி, எல்லாம் ஒனக்குத்தான்." பிள்ளையாருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அத்தை தண்ணீர் ஓரம் போனாள். அங்கே மணல் ஈரமாக இறுகிக் கிடந்தது. கொஞ்ச தூரம் நடந்தாள்; நின்றாள்; குனிந்து தன் காலடித் தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மறுபடியும் நடந்தாள்.

கொலுசைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். மிட்டாயை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய், அவள் பக்கத்தில் குனிந்து நானும் தேடினேன்.