உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்

பர்சேஸ் பிரிவில் சேர்ந்த இரண்டாவது நாளே என் ஆங்கிலம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. போனில் யாரிடமோ ரசீதைப் பற்றிப் பேசும்போது, எழுத்தில் இருக்கிறபடியே 'ரிசிப்ட்' என்று, ஒலிக்கவே கூடாத 'ப்'பை அழுத்திச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் நாலைந்து மாதம், ஸ்டோர்ஸிலிருந்து பேசுகிறவர்கள்கூட "ரிசிப்ட் மேடம் இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே "இருக்கேன், சொல்லுங்க" என்பேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல்லில் கன்னட மீடியத்தில் படித்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் தெலுங்கும். பாலிடெக்னிக் வந்தபிறகுதான் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் ஆனது. படித்து எழுதப் பழகிக்கொண்டேன். பேசத்தான் வாய் கூசும். அந்த வாயோடு, தொண்ணூறுகளின் பிற்பாதியில், பொம்மசந்திராவில் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டால் நீல விளக்கின் கீழே படுக்க வைப்பார்களே, அந்தக் கருவியைத்தான் நாங்கள் அதிகம் செய்தோம். குழந்தை படுக்கும் தொட்டியை அதுவரை ஃபைபரில் செய்துகொண்டிருந்தோம். கனமாக, கரடுமுரடாக இருக்கும். உள்ளே இருக்கும் குழந்தை பக்கவாட்டில் தெரியாது. கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்கில் வேண்டும் என்று டாக்டர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டைத் தொய்ந்து விழுகிற அளவுக்குச் சூடாக்கி, அச்சின் மேல் போட்டு, காற்றை உறிஞ்சி வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு முறை. பெங்களூரில் அப்போது நாங்கள் விசாரித்த இடங்களில் ஸ்வீட் பெட்டிக்குள் வைக்கும் மெல்லிய தட்டுகள்தான் செய்தார்கள். அதனால் வெளிநாட்டில் ஆள் தேடச் சொன்னார் மேனேஜர். ஒரு டைரக்டரியைப் பார்த்து ஃபாக்ஸ் அனுப்பி, பதில் வாங்கி, ஒப்பிட்டுப் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. எனக்கென்று வந்த முதல் பெரிய வேலை அது.

இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் சிங்கப்பூரில் இருந்த ஏஜென்ட். அவருடைய கடிதங்கள் பாடப்புத்தகத்தில் மாதிரிக்காகக் கொடுத்திருப்பவை போல இருந்தன. இன்னொருவர் தைவானில் சின்னத் தொழிற்சாலை வைத்திருந்தவர். அவரே முதலாளி, அவரே கடிதம் எழுதுகிறவர். அவருடைய முதல் ஃபாக்ஸ் இப்படித் தொடங்கியது: "டியர் மேடம், ஹவ் இஸ் யுவர் பாடி?"

எங்கள் மேனேஜர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் ஆங்கிலம் பேசினால் ரேடியோவில் செய்தி கேட்கிற மாதிரி இருக்கும். கெட்ட மனிதர் இல்லை, கேலிப் பிரியர். டீ நேரத்தில் அந்த ஃபாக்ஸை அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "வாய்விட்டுப் படிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். நான் எழுந்து நின்று படித்தேன். மேடத்தின் பாடியைப் பற்றி ஒருத்தர் விசாரிக்கிறார் என்று அறையே சிரித்தது. அன்றைக்கு அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. அது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கை தயங்குகிறது.

அந்த வரி எனக்குப் புரியாமல் இல்லை. படித்த கணமே புரிந்துவிட்டது. "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். என் அம்மா யாரை எங்கே பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். தன் பேச்சில் மரியாதையாகக் கேட்பதை அவர் ஆங்கிலச் சொற்களில் எடுத்து வைத்திருந்தார், நான் பல வருஷம் செய்துகொண்டிருந்த அதே விதத்தில். அந்த அறையில் அவர் சொன்னது என்னவென்று சரியாகத் தெரிந்திருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எல்லோரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. "என்னம்மா, நம்ம ஃப்ரெண்டு இன்னிக்கி ஏதாச்சும் எழுதியிருக்காரா?" என்று மேனேஜர் டீ கப்போடு வருவார். நான் குரலை மாற்றி, இழுத்து இழுத்துப் படிப்பேன். நன்றாக நடிக்கிறேன் என்று பெயர் வாங்கினேன். ரிசிப்ட் மேடம் என்று கூப்பிடுவது எப்போது நின்றது என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில்தான் நின்றது.

எங்கள் வரைபடத்தை இருவருக்கும் அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துத் தைவானிலிருந்து இரண்டு பக்க ஃபாக்ஸ் வந்தது. முதல் பக்கத்தில், "கார்னர் வெரி ஆங்ரி. நாட் குட் ஃபார் பேபி. ப்ளீஸ் ரவுண்ட்" என்று எழுதியிருந்தார். மூலை ரொம்பக் கோபமாக இருக்கிறதாம். டீ நேரத்தில் அதைப் படித்தபோது ஒருவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சிரிப்பு அடங்கினதும் மேனேஜர் கேட்டார்.

"அவர் என்னதான் சொல்ல வர்றாரு?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா ஏதோ எழுதியிருக்காரு" என்றேன்.

இரண்டாவது பக்கம் என் மேசையில் இருந்தது. அதை நான் கொண்டுபோகவில்லை. அதில் பென்சிலால் தொட்டியின் மூலையை இரண்டு விதமாக வரைந்திருந்தார். ஒன்று எங்கள் வரைபடத்தில் இருந்தபடி கூர்மையாக. அதன் மேல் பெருக்கல் குறி. இன்னொன்று வளைவாக, அதன் பக்கத்தில் சிரிக்கும் குழந்தை முகம். கூர்மையான மூலையில் ஒரு விரிசலையும், அதைத் துடைக்கிற ஒரு கையையும் வரைந்திருந்தார். இதற்கு ஆங்கிலமே தேவையில்லை. சூடான ஷீட் கூர்மையான மூலைக்குள் இழுபடும்போது அங்கே மெலிந்துவிடும், ஸ்பிரிட் வைத்துத் துடைக்கத் துடைக்க வெடிக்கும் என்கிறார். 'ஆங்கிள்' என்ற சொல்லைக் காதால் தேடி 'ஆங்ரி' என்று எழுதியிருக்கிறார். நான் டிப்ளமா படித்தவள். எனக்கு எல்லாம் விளங்கியது.

மேல்மாடி டிசைன் ஆபீஸுக்குப் போய் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் போதும். தொட்டியை வரைந்த இன்ஜினியர் அங்கேதான் இருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர், ஜெயநகர்க்காரர். ரிசிப்ட் விஷயத்தில் என்னைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத மனிதர். ஆனால் கொடுத்தால், தைவான்காரர் சொல்வது சரி என்று நான் சொன்னதாக ஆகும். கீழே அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் அவர் பக்கம் போய் நிற்க வேண்டும். ஆங்கிலம் வராதவர்களின் பக்கத்திலிருந்து அப்போதுதான் தப்பி வந்திருந்தேன். தாளை ஃபைலின் கடைசியில் செருகிவிட்டேன்.

ஒப்பீட்டுப் பட்டியலில் தொழில்நுட்பக் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. சிங்கப்பூருக்கு நேராக, வரைபடத்தின்படியே செய்து தருவார்கள் என்று எழுதினேன். தைவானுக்கு நேராக, குறிப்பு எதுவும் இல்லை என்று எழுதினேன். தொடர்புத் திறன் என்ற கட்டத்தில் ஒருவருக்கு மிக நன்று, ஒருவருக்கு மோசம். மேனேஜர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். சிங்கப்பூர்க்காரருக்கு ஆர்டர் போயிற்று.

தைவானுக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆர்டர் போன பிறகு அவரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. சீன எழுத்துச் செய்தித்தாள் சுற்றி, அளவில் பாதியாக ஒரு தொட்டி, மூலைகள் வளைவாக. கூடவே ஒரு டீத்தூள் பொட்டலம். டீத்தூளை பேன்ட்ரியில் கொடுத்தோம். தொட்டி பார்க்க அழகாக இருந்ததால் என் மேசை மேல் வைத்துக்கொண்டோம். யாராவது வாழைப்பழம் வாங்கி வந்தால் அதில் போடுவார்கள்.

ஆர்டர் கொடுத்த தொட்டிகள் சொன்ன தேதியில் வந்தன. பளபளவென்று இருந்தன. முதல் தடவையிலேயே நல்ல சப்ளையரைப் பிடித்தாய் என்று மேனேஜர் என் தோளில் தட்டினார்.

மூன்றே மாதம். மைசூர் ரோடு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ், மூலையில் முடி மாதிரி கோடு தெரிகிறது என்று போன் செய்தார். அடுத்த வாரம் வேறு இடங்களிலிருந்தும் சொன்னார்கள். ஓரிடத்தில் வெடித்த விளிம்பு பட்டு ஒரு குழந்தையின் குதிகாலில் கீறல். சின்னக் கீறல்தான், மருந்து போட்டதும் ஆறிவிட்டது என்று டாக்டரே சொன்னார். பிறந்து நான்கு நாளான குழந்தை. எல்லாத் தொட்டிகளையும் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். வெடித்த தொட்டி மேசை மேல் இருந்தது. இன்ஜினியர் சுற்றி வளைக்கவில்லை.

"டிராயிங் என்னோடது சார். ஃப்ரேம் சதுரமா இருக்கேன்னு மூலையையும் அப்படியே போட்டுட்டேன். வளைவு குடுத்திருக்கணும். தப்பு என்மேலதான்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "அந்தத் தைவான்காரரு கார்னர் கார்னர்னு என்னமோ எழுதினாரே, அது இதப்பத்தியா?"

இன்ஜினியரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்காது, திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

"இல்ல சார், அது ஷீட் சைஸ் பத்தி" என்றேன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஃபைலைப் பிரித்து அந்த இரண்டு தாள்களையும் எடுத்து, நான்காக மடித்து, டிபன் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கிழித்து, சந்தாபுரம் தாண்டி ஜன்னல் வழியாகப் போட்டேன்.

மறுநாள் இன்ஜினியர் வேறு எதற்கோ கீழே வந்தவர் என் மேசை முன்னால் நின்றுவிட்டார். வாழைப்பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தொட்டியைத் தூக்கி மூலையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யார் செஞ்சது இது?"

"தைவான் சாம்பிள் சார். இப்பத்தான் வந்துச்சு" என்றேன். அது வந்து மாதக்கணக்காகியிருந்தது.

"நாம கேக்காமயே வளைவு குடுத்திருக்காங்க. விஷயம் தெரிஞ்சவங்க. இவங்களுக்கே எழுதுங்க."

எழுதினேன். ஒன்றுமே நடக்காதது போல, உங்கள் சாம்பிள் எங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் அதுவும் தொடங்கியது. தாமதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ஃபாக்ஸை டீ நேரத்தில் நான் படிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இன்ஜினியரை டிசைனிலிருந்து சர்வீஸுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படம் வரைந்துகொண்டிருந்தவர் வேனில் புதுத் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். போன இடமெல்லாம் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். கேன்டீனில் பார்த்தால், சாப்பாடு ஆயிற்றா என்று வழக்கம்போலக் கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்பார். ஆச்சு என்று சொல்லிவிட்டுத் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவேன். ஒன்றரை வருஷத்தில் அவர் வேலையை விட்டார்.

அதன் பிறகு தைவான்காரர் ஒரு தடவை பெங்களூர் வந்தார். ஏர்போர்ட்டுக்கு நான்தான் போனேன். ஒல்லியான மனிதர், அறுபதை ஒட்டிய வயது, சட்டைப் பையில் ஒரு குட்டி அகராதி. மீட்டிங்கில் மேனேஜர் அவரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, அவ்வளவு பணிவாகப் பேசினார். சிரிக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கடைசியில் தைவான்காரர் எழுந்து நின்று, என்னைக் காட்டி, தன் ஆங்கிலத்தில் சொன்னார். நிறையக் கம்பெனிகளுக்கு எழுதுகிறேன், என் ஆங்கிலம் மோசம், யாரும் படிப்பதில்லை. இந்த மேடம் மட்டும் கவனமாகப் படித்தார் என்றார். தன் படத்தைப் பார்த்துத்தான் மூலையை மாற்றினோம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். மேனேஜர் கை தட்டினார். நானும் எழுந்து நின்று, தேங்க் யூ சார் என்றேன்.

அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. சில வருஷங்களில் அவர் தொழிற்சாலையை மகனிடம் கொடுத்துவிட்டார். மகனுடைய ஆங்கிலம் நன்றாக இருந்தது. நானும் ஒயிட்ஃபீல்டில் வேறு கம்பெனிக்கு மாறினேன்.

இன்ஜினியரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அதற்குள் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஜெயநகரில் வீட்டிலேயே ஆஸ்பத்திரிக் கருவிகளை ரிப்பேர் செய்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். மனைவியைக் கூப்பிட்டு அறிமுகம் செய்தார். காபி வந்தது. காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். ஃபாக்ஸ், பென்சில் படம், மேனேஜர் அறையில் சொன்ன பொய், பஸ் ஜன்னல், எல்லாம். மன்னிச்சிடுங்க சார் என்றும் சொன்னேன்.

அவர் மேசை மேல் பிரித்துப் போட்டிருந்த ஏதோ ஒரு மோட்டாரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் படம் வந்தது, மோல்டு வெட்டறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால சார். மூணு வாரம் முன்னால."

"அப்ப மாத்தியிருக்கலாம்" என்றார்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. கோபமாகவும் பேசவில்லை. எனக்கு எத்தனை குழந்தைகள் என்று அவர் மனைவி கேட்டதற்குப் பதில் சொன்னேன். கிளம்பும்போது அவர் கேட் வரைக்கும் வந்தார். ஒயிட்ஃபீல்டுக்கு நேர் பஸ் கிடைக்காது, மார்க்கெட் போய் மாறிக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னார். நான் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டிருந்தார்.