முப்பது நாள் மௌனமும் ஒரு பச்சை மாத்திரையும்

"சிறுநீரக மாற்று செய்துகொண்டவர் மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும், சத்து மாத்திரையையும், நாட்டு மருந்தையும் உட்கொள்ளக் கூடாது." மருத்துவமனை தந்த கையேட்டின் ஏழாவது விதி. கீழே ஒரு தொலைபேசி எண்ணும் இருந்தது. விதியை நான் மீறவில்லை. கேட்டேன். கேட்ட விதத்தில்தான் கோளாறு.

எனக்குள் இருந்தது என் மனைவி எஸ்தரின் சிறுநீரகம். ஆரணியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளாகவே முன்வந்து கொடுத்தாள். மாற்று செய்துகொண்ட மூன்றாம் ஆண்டில் எனக்குக் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியது. மருந்துக் கடைக்காரர் பச்சை மாத்திரை ஒன்றை நீட்டினார்.

"வைட்டமின் ஈ தான் சார். ஒண்ணும் பண்ணாது. ஊரே முழுங்கிகினு இருக்குது."

வாங்கினேன், விழுங்கவில்லை. பணிக்காலம் முழுவதும் கட்டட அனுமதிக் கோப்புகளைப் பார்த்தவன் நான். மருத்துவமனைக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன்.

எஸ்தர் சிரித்தாள். "போன் போட்டா ஜல்தியா சொல்லிடுவாங்க. இதுக்கு எதுக்குங்க லெட்டரு?"

"வாயால சொன்னா நாளைக்கு இல்லன்னுடுவாங்க. எழுத்துல வரணும்."

அட்டை திரும்பியது. பதில் வரவில்லை. எங்கள் பிரிவில் ஒரு நடைமுறை உண்டு: கெடுவுக்குள் மறுப்பு வராவிட்டால் அனுமதி தந்ததாகக் கொள்ளலாம். முப்பது நாள் கெடு வைத்தேன். முப்பத்தோராம் நாள் காலை முதல் மாத்திரையை விழுங்கினேன்.

இரண்டு மாதத்தில் கால் வீங்கியது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியது. பயாப்சி (ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது) நிராகரிப்பு என்றது. என் உடல் அவளுடைய சிறுநீரகத்தை அந்நியன் என்று தீர்மானித்திருந்தது.

டாக்டர் விளக்கினார். டி செல்லின் (நோய் எதிர்ப்பு வெள்ளையணு) மேல் ஏற்பி (செய்தி வாங்கும் புரதம்) இருக்கிறது. அந்நியனைக் கண்டதும் அது உள்ளே சமிக்ஞை அனுப்பும். அந்தச் சமிக்ஞையை வழியில் மறிக்கத்தான் நான் தினம் இருவேளை மருந்து சாப்பிடுகிறேன். வயதானால் இந்தச் சமிக்ஞைத் தொடர்பு தானாகவே தளரும். வைட்டமின் ஈ சேர்மங்கள் சில, தளர்ந்த தொடர்பை மீண்டும் இறுக்குவதாக ஆய்வுகள் உண்டு. மற்றவர்களுக்கு அது நன்மை.

"அப்போ இதனாலதானா சார்?"

"இதனாலதான்னு சொல்ல முடியாதுங்க. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது."

எந்த அரசாணையிலும் இவ்வளவு பாதுகாப்பான வாக்கியத்தை நான் கண்டதில்லை.

எஸ்தர் வராந்தாவில் வைத்துக் கேட்டாள். "உங்க ஆபீசு ரூலுக்கு என் கிட்னிதான் கெடச்சிதா?"

ஊசி மருந்துகள் பலிக்கவில்லை. டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கியது. இதே மாத்திரையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான்: போன் செய்யுங்கள்.

இப்போது என் வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்றே நாட்கள். மற்றவை அவற்றுக்கு இடைப்பட்ட தாகம். வலது அடிவயிற்றில் அவளுடைய சிறுநீரகம் இன்னும் மேடாகத் தட்டுப்படுகிறது. அதை எடுக்கவில்லை. முன்பெல்லாம் படுக்கப் போகுமுன் அதன்மேல் ஒருமுறை கை வைப்பாள். இப்போது வைப்பதில்லை.

ஒரு நாள் இயந்திரத்தில் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தபோது மருத்துவமனை அனுப்பிய உறையுடன் வந்தாள். அவளே பிரித்து, வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தாள்: "தாங்கள் குறிப்பிட்ட மாத்திரையைத் தவிர்க்கவும்."

மடித்து, ஊசி இல்லாத என் கையில் வைத்தாள். "வந்துட்ச்சி. எழுத்துல."

வந்த தேதியைக் குறிக்க நான் பேனா கேட்டேன். அவள் தரவில்லை. பதில் பெறப்பட்ட நாள்: ஆடி மாதத்து இரண்டாம் வியாழன்.