நப்ரா ஆற்றுக்குக் கூழ் கொண்டுபோனது

அணைத் தண்ணீர் எங்கள் ஊரை மூழ்கடிக்கப்போகிறது என்று எங்களைப் படகிலும் ரயிலிலும் ஏற்றிக் கோம் ஓம்போவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது என் தம்பி மனைவி நப்ராவுக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. புது ஊருக்கும் பல்லானா என்றே பெயர் வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. நைல் கண்ணில் படவே இல்லை. தெருமுனையில் ஒரு குழாய் இருந்தது.

அந்தக் கோடையில் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. நப்ராவின் இடுப்பிலிருந்தது முதலில் போனது. வயிற்றிலிருந்தது பிறந்து சில வாரம்கூடத் தாங்கவில்லை. கெய்ரோவில் சமையல் வேலை பார்த்த என் தம்பி சுபைர் இரண்டு முறையும் அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான்.

அடுத்த வருடம் ஒரு பெண் பிறந்தாள். ஏழாம் நாள் காலை நப்ரா கூழ் காய்ச்சினாள். ஏழாம் நாள் பிள்ளையை ஆற்றுக்குக் கொண்டுபோய் முகம் கழுவி, தண்ணீருக்குள் வாழ்கிறவர்களுக்குக் கூழ் விடுவது எங்கள் வழக்கம். இங்கே வந்தபின் யாரும் அதைச் செய்யவில்லை.

"பச்ச உடம்போட எங்கடி கிளம்பிட்ட?"

"ஆத்துக்கு அண்ணி."

"இந்த வெயில்லயா? குழாயில கழுவு. அதுவும் நைல் தண்ணிதான்."

"குழாய்க்குள்ள யாரு அண்ணி இருக்கா? நாம எங்க வந்துட்டோம்னு அவங்களுக்குத் தெரியல. அதான் ரெண்டும் போச்சு. நான் போய்ச் சொல்லணும்."

தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். கரும்புக்காட்டில் காவல்காரன் மறித்தான். நப்ராவுக்கு அரபி வராது, நான்தான் பேசினேன்.

"சட்டியில என்ன? கரும்புச்சாறா?"

"கூழு. ஆத்துல இருக்கிறவங்களுக்கு."

"கரையில இருக்கிறவனுக்குக் கிடையாதா? காலையிலேருந்து பட்டினி."

அதை நான் எங்கள் மொழியில் சொன்னதும் நப்ரா ஒரு கை அள்ளி அவனுக்குக் கொடுத்தாள். தின்றுவிட்டு வழி காட்டினான்.

கரை செங்குத்தாக இருந்தது. பிள்ளையோடு இடுப்பளவு இறங்கி, கூழை அள்ளி அள்ளி விட்டாள்.

"நாங்க பல்லானாக்காரங்க. இங்கதான் இருக்கோம். இவ பேரு ஷாயா. இவள மட்டும் விட்டுடுங்க."

பழைய ஊரில் இதற்குப் பாடிச் சிரித்துக்கொண்டு போவோம். ஆற்றிடம் ஒருத்தி கெஞ்சி அழுததை அன்றுதான் கேட்டேன்.

ஷாயா மூன்று மாதம் இருந்தாள். காய்ச்சலில் போனாள்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு பையன். ஏழாம் நாள் அடுப்பில் மறுபடியும் கூழ். எனக்கு ஆத்திரம் வந்தது.

"எதுக்குடி இதெல்லாம்? போன தடவ கேட்டாங்களா?"

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. "அது ஷாயாவுக்குச் செஞ்சது அண்ணி. இவனுக்கு இன்னும் செய்யலையே."

வாசலுக்கு வந்தால் தெருப் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் பிள்ளையைப் புதைத்தவர்கள். அவர்களில் பக்கத்து வீட்டு சக்கீனா மட்டும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒருத்தி, தூக்க எதுவுமில்லாமல், சட்டியை மட்டும் இடுப்பில் வைத்திருந்தாள். கரும்புக்காடு முழுக்க நடந்தோம். யாருக்கும் பாட்டு வரவில்லை.

நப்ராவின் பையன் பிழைத்தான். சக்கீனாவின் பிள்ளை அந்த மாதமே போய்விட்டது. அடுத்த பிரசவம் ஆனதும் சக்கீனா ஏழாம் நாள் கூழுக்கு என்னிடம் சட்டி கேட்டு ஆள் அனுப்பினாள். கொடுத்தேன்.