ஆவுடைத்தாயின் மாவு வண்டி

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் ஆவுடைத்தாயின் தோசைமாவுதான். தென்காசிப் பக்கத்திலிருந்து சித்தாள் வேலைக்கு வந்து, தானே ஒரு தொழில் பிடித்தவள். இனி வாடகை ஆட்டோக்காரன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவெடுத்து வண்டி வாங்கக் கிளம்பியபோது, விளிம்புவரை மாவு நிறைத்த சட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனாள். எது சிந்தாமல் கொண்டுபோகிறதோ அதுதான் அவள் வண்டி.

ஷோரூமில் முதலில் ஓட்டிப் பார்த்த ஹைப்ரிட் பிக்கப்புக்குக் கதவெல்லாம் கனத்த தகடு. ஆனால் பள்ளத்துக்குப் பள்ளம் மாவு தளும்பியது. எலெக்ட்ரிக் காரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஓட்டும் செலவும் குறைவு.

"கார்தான். பிக்கப்பு குலுங்குது" என்று இறங்கினாள். சட்டி பின்சீட்டிலேயே இருந்தது. ஷோரூம் பையன் ஷிபு லோன் விவரம் பேசி முடிப்பதற்குள் உச்சிவெயில் ஏறிவிட்டது. கார்க் கதவைத் திறந்தால், மாவு பொங்கி வழிந்து சீட்டுத் தையலுக்குள் இறங்கியிருந்தது.

"எந்தா சேச்சி இது!" என்று ஷிபு தலையில் கைவைத்தான்.

"நல்ல மாவுன்னா பொங்கத்தான் செய்யும். துணி கொண்டா தம்பி."

எவ்வளவு தேய்த்தும் புளித்த வாடை போகவில்லை. துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நேரே பிக்கப்பிடம் போனாள். பின்பக்கத் தகட்டைத் தட்டினாள்.

"வாளித் தண்ணி ஊத்தினா இது சுத்தமாயிரும்லா?"

"ஆகும். பக்ஷே குலுங்குதுன்னு சேச்சிதானே பறஞ்ஞது?"

"குலுங்கினா சட்டியக் கொறச்சு நெறைச்சுக்கிடுதேன். பொங்காதேன்னு மாவுகிட்ட யாரு போய்ச் சொல்ல? இதுக்கே பில்லு போடு."