அச்செடுத்தால் சரியாக வரும் கொக்கு

சிங்கப்பூரில் சில மதுக்கடை வாசல்களில் மரத்தில் செதுக்கிய படப்பலகை தொங்கும். அங்கே பார்த்த வேலையை விட்டு ஊர் திரும்பி நன்னிலத்தில் பார் திறந்தபோது எனக்கும் அப்படி ஒன்று வேண்டியிருந்தது. அச்சகங்களுக்கு மரக்கட்டையில் படம் செதுக்கும் ஒருவரைக் கைகாட்டினார்கள்.

ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதில் நூல். சட்டைப்பையில் வட்டமான முகக்கண்ணாடி ஒன்று இருக்கும். நாலு தடவை உளி ஓட்டினால், படம் இடவலம் மாறி அச்சில் எப்படி விழும் என்று அதைக் கட்டையின் முன் பிடித்துப் பார்த்துக்கொள்வார்.

கடைத்தெரு முக்கில் மாட்ட ஒரு கொக்கு கேட்டேன். அலகு வலப்பக்கம் இருக்கும் பாரைக் காட்ட வேண்டும். மாட்டிய அன்று பார்த்தால், அத்தனை அழகான கொக்கு அலகை இடப்பக்கம் நீட்டி நின்றது. அங்கே போலீஸ் ஸ்டேஷன்.

"என்னங்க, கொக்கு ஸ்டேஷனுக்கு வழி காட்டுது?"

அவர் பதறவில்லை. "அச்செடுத்தா சரியா வரும் தம்பி."

"பலகையை யாருங்க அச்செடுப்பா?"

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர் பையிலிருந்த கண்ணாடியை என்னிடம் நீட்டினார். "இதுல பாருங்க."

பலகைக்கு முதுகு காட்டி நின்று பார்த்தேன். கொக்கு வலப்பக்கம்தான் காட்டியது. ஆனால் கண்ணாடிக்குள் ஸ்டேஷனும் வலப்பக்கம் வந்திருந்தது. இருவருமே சிரித்துவிட்டோம்.

பலகையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. "கொக்குக்கு எதிர்ப்பக்கம் போங்க" என்று ஊரே வழி சொன்னது.

பார் மூடிப் பல வருஷமாகிறது. அந்த முகக்கண்ணாடி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அது இல்லாமல் அப்புறம் எப்படித்தான் செதுக்கினாரோ.