கழிக்கரையில் அண்ணனும் தம்பியும்

சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்கவேண்டும் என்று டாக்டர் என் நண்பனை மிரட்டியிருந்தார். அவனுக்கு வண்ணாரப்பேட்டையில் சைக்கிள் உதிரிபாகக் கடை. நான் ராயபுரம், ரயில்வேயில் வேலை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசைக்குப் போகாமல் அவனோடு கிளம்பினேன். காத்திவாக்கத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, எண்ணூர்க் கழியை ஒட்டி நடந்து, அலையாத்தி மரங்களுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று திட்டம்.

உள்ளே நல்ல நிழல். இலைகளில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தாலும் கீழே சேறு குளிர்ந்து கிடந்தது. குனிந்து குனிந்து பாதித் தூரம் வந்திருப்போம். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

கிளையை விலக்கிப் பார்த்தோம். நரைத்த தலைக்காரர் ஒருவர் படகுத் துடுப்பால் ஒருவனை அடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு நாற்பது வயதிருக்கும். சேற்றில் சுருண்டு கிடந்தான். முதுகில் தோல் பிளந்திருந்தது. குடித்துவிட்டு வந்து இறால் வலையை அறுத்துவிட்டான் என்று அவர் ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் நண்பன் குறுக்கே போய் நின்றான். "வுடு நைனா, செத்துடப் போறான்."

"அவன் என் தம்பி. நடுவுல நீ யாரு?"

துடுப்பு என் நண்பனின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அப்படியே உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

அந்த நொடியில் தம்பி எழுந்து துடுப்பைப் பிடுங்கி அண்ணனின் தலையில் அடித்தான். அவர் விழுந்த பிறகும் அடித்தான். நான் பின்னாலிருந்து பாய்ந்து அவன் கழுத்தை முழங்கையால் இறுக்கினேன். முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் போய்விட்டது. அவன் கை தளர்ந்து துடுப்பு விழுந்தது. அப்போதும் எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. "மாமு, போதும், வுட்டுடு" என்று நண்பன் கத்திய பிறகுதான் விட்டேன்.

அண்ணன் முகம் சேற்றுத் தண்ணீருக்குள் இருந்தது. தம்பி இருமிக்கொண்டே தவழ்ந்து போய் அவரைப் புரட்டி, மூக்கிலிருந்த சேற்றை விரலால் வழித்தான். மூச்சு வந்ததும் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு முகத்துவாரக்குப்பம் பக்கமாக நடந்தான். நான் நண்பனின் கையைத் துண்டால் கட்டி, அவனைத் தாங்கியபடி பின்னால் போனேன்.

வழியில் அண்ணனுக்கு நினைவு வந்தது. "வலைய இன்னாத்துக்குடா அறுத்த?"

"பேசாத வா. ரத்தம் நிக்கல."

அரசு ஆஸ்பத்திரியில் அண்ணனும் தம்பியும் படகில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்கள். நண்பன் போலீசுக்குப் போவதாகக் கொதித்துக்கொண்டிருந்தான். அவன் முறை வந்தது. எதிர் பெஞ்சில் தம்பி, கட்டுப் போட்ட அண்ணனின் வாயில் டீயை ஆற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். நண்பன் அவர்களைக் கொஞ்சநேரம் பார்த்தான். தானும் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னான். பிறகு ஆட்டோவில் வீடு சேரும்வரை அந்த அண்ணன் தம்பி இருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வந்தான்.